சந்தனப் பொட்டு வைத்த வெப்பநிலை நோட்டு

இதை எழுத வேண்டும் என்று நினைத்துப் பல வருடம் ஓடிவிட்டது. பேனாவை எடுப்பேன். சாமி விளக்குக்கு எண்ணெய் விட வேண்டும், மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று ஏதாவது ஒரு வேலை வந்துவிடும். உண்மையில் வேலை வருவதில்லை, நான்தான் தேடிக்கொள்வேன். எங்கள் வீட்டுச் சாமி அலமாரியில் முருகன் படத்துக்குப் பின்னால் ஒரு மஞ்சள் பை மடித்து வைத்திருக்கிறது. யாரோ கல்யாணத்தில் தேங்காய் போட்டுக் கொடுத்த பை. அரைத் தாள் ஒன்றைத் தவிர உள்ளே எதுவும் இல்லை. வருடா வருடம் போகிக்கு வீட்டைக் கழுவும்போது என் மனைவி அதைக் கையில் எடுத்து, "இத்த இன்னும் எத்தினி வருசம் வெச்சிக்கினு இருக்கப் போறீங்க? கடைக்கு எடுத்துக்கினு போனா பையாவது ஒழைக்கும்" என்பாள். நான் வாங்கி மறுபடியும் அங்கேயே வைப்பேன். இந்த வருடமும் அப்படியே வைத்தேன். வைத்துவிட்டு, வேறு வேலை எதையும் தேடிக்கொள்ளாமல் உட்கார்ந்து இதை எழுத ஆரம்பித்தேன்.

நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தவன். திண்டிவனத்தைத் தாண்டி ஒரு கிராமத்தில் அரசு மாட்டாஸ்பத்திரியில் உதவியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். மாட்டைப் பிடித்துக்கொள்வது, புண்ணைக் கழுவிக் கட்டுப் போடுவது, கொட்டகையைக் கூட்டுவது, இவற்றோடு இன்னொரு வேலையும் எனக்கு இருந்தது. தடுப்பூசி மருந்து வைக்கிற பிரிட்ஜைக் கவனித்துக்கொள்வது. அதற்குள் ஒரு வெப்பமானி தொங்கும். காலையில் ஒரு தடவையும் சாயந்திரம் ஒரு தடவையும் கதவைத் திறந்து பார்த்து, எத்தனை டிகிரி என்று நோட்டில் தேதி போட்டு எழுத வேண்டும். இரண்டுக்கும் எட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். ரொம்ப மேலே போய்விட்டால் மருந்து செத்துப்போகும். செத்துப்போன மருந்து, பார்வைக்கு நல்ல மருந்து மாதிரியேதான் இருக்கும். அதே குப்பி, அதே வெள்ளை நிறம். பார்த்து எவராலும் சொல்ல முடியாது. அதற்காகத்தான் அந்த நோட்டு.

ஆயுத பூஜை அன்றைக்கு ஊசி, கத்தரி, மாட்டைக் கட்டிப் படுக்க வைக்கிற கயிறு எல்லாவற்றையும் துடைத்துப் படத்துக்கு முன்னால் அடுக்குவோம். அந்த வரிசையில் வெப்பநிலை நோட்டையும் வைப்பேன். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி ஏற்கெனவே இருக்கும். அட்டைமேல் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைப்பேன். டாக்டர் சிரிப்பார். "யோவ், நோட்டுக்குமா?" என்பார். "அதுவும் ஆயுதந்தானுங்களே சார்" என்பேன்.

கால்நடை ஆய்வாளராக அந்த அம்மா வந்து சேர்ந்தபோது எனக்கு ஓய்வு பெற ஆறேழு வருடம் பாக்கி இருந்தது. அவர் என்னைவிட இருபது வயதாவது சிறியவர். நாங்கள் அவரை இன்ஸ்பெக்டரம்மா என்றுதான் கூப்பிடுவோம். ஒருநாள் பஸ்ஸில் வரும்போது போனை எடுத்து, "இன்ஸ்பெக்டர்தான் பேசறேன், சொல்லுங்க" என்றாராம். பக்கத்தில் டிக்கெட் எடுக்காமல் நின்றிருந்தவன் அடுத்த நிறுத்தத்தில் ஜல்தியாக இறங்கி ஓடிவிட்டானாம். "எனக்குக் கொம்பு இருக்கற மாட்டுகிட்டதான் அதிகாரம்னு அவனுக்கு யார்ணே சொல்றது" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். வானூர்ப் பக்கத்துக்காரர். அப்பா அம்மா இருவரும் அடுத்தவர் நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கிக் கூலி வாங்கிப் படிக்கவைத்தவர்கள். கிறிஸ்தவக் குடும்பம். சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததும் கண்ணை மூடி ஒரு நிமிடம் ஜெபம் செய்துவிட்டுத்தான் சாப்பிடுவார். என் சந்தனத்தையும் குங்குமத்தையும் அவர் ஒரு நாளும் கேலி பேசியதில்லை. வந்த புதிதில் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒன்று சொன்னார். "எழுதறது நீங்க பாத்ததா இருக்கணும்ணே. பாத்திருக்கணும்னு நெனச்சதா இருக்கக் கூடாது." அந்த நோட்டில் ஒரு நாள் ஒன்பது என்றுகூட எழுதியிருந்தேன். அதைக் காட்டி, "இது ஒண்ணு இருக்கறதாலதான் மத்தத நம்பறேன்" என்றார்.

அந்த வருடம் ஆயுத பூஜை முடிந்து ஒரு மாதம் இருக்கும். பெரிய புயல் ஒன்று அடித்தது. சாலை முழுக்கப் புளியமரங்கள் விழுந்து கிடந்தன. கம்பங்கள் சாய்ந்து மூன்று நாள் கரண்ட் இல்லை. கோமாரி நோய்க்கான தடுப்பூசி மருந்து அதற்கு முந்தின வாரம்தான் வந்து பிரிட்ஜில் நிறைந்திருந்தது. இன்ஸ்பெக்டரம்மா விடுப்பில் இருந்தார். அவருடைய அம்மாவை முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். நான் நடந்தே போய்க் கதவைத் திறந்து பார்த்து எழுதினேன். முதல் நாள் சாயந்திரம் ஒன்பது. மறுநாள் காலையில் பதினான்கு. அப்புறம் பத்தொன்பது. மூன்றாம் நாள் காலையில் இருபத்திரண்டு. டாக்டருக்குப் போன் போட்டால் போகவில்லை. ஐஸ் கட்டி வாங்கிவந்து பெட்டியில் மாற்றி வைக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. திண்டிவனம் வரைக்கும் போவதற்கு வழி இல்லை. அப்படிச் சொல்லிக்கொண்டு நான் வீட்டில் உட்கார்ந்துவிட்டேன் என்பதுதான் நிஜம். சைக்கிளைத் தூக்கிக்கொண்டு மரங்களைத் தாண்டிப் போனவர்களும் இருந்தார்கள்.

கரண்ட் வந்த அன்றைக்கு டாக்டரும் வந்தார். அவரைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். ஈனும்போது கன்று குறுக்கே நின்றுபோன பசுவுக்காகக் கொட்டும் மழையில் சேற்றில் மண்டிபோட்டுக் கிடந்தவர் அவர். நோட்டைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். முகாம் தேதி எல்லா ஊருக்கும் ஏற்கெனவே தண்டோரா போட்டு அறிவித்தாயிற்று. "மருந்து போச்சுன்னு மேல எழுதுனா, ஏன் காப்பாத்தலன்னு என்னியத்தான் கேப்பாங்க. உன்னியும் கேப்பாங்க" என்றார். அப்புறம் மேசையிலிருந்து ஒரு புது நோட்டை எடுத்துக் கொடுத்தார். "மொதல்லேந்து எழுதிடு. பழச பின்னால போட்டுக் கொளுத்திடு." கேட்பதைப் பற்றி அவர் சொன்னது எனக்கு நன்றாகவே உறைத்தது. என்னையும் கேட்பார்கள்.

ஐந்து மாதம் எழுதியிருந்ததை ஒரே பகலில் எழுதி முடித்தேன். நான்கு, ஐந்து, நான்கு, ஐந்து. இருபத்திரண்டு இருந்த இடத்தில் நான்கு. ஒன்பது இருந்த இடத்திலும் நான்கு. புது நோட்டின் முதல் பக்கத்திலும் கை தானாகப் பிள்ளையார் சுழி போட்டது. சாயந்திரம் பழைய நோட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் குப்பைக் குழி அருகே போனேன். தீப்பெட்டியும் கையில் இருந்தது. அட்டையில் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. பூஜையில் வைத்துச் சூடம் காட்டிய பொருளை மாட்டுப்புண் துடைத்த பஞ்சோடு போட்டுக் கொளுத்த எனக்கு மனசு வரவில்லை. நேர்மையால் அதைக் காப்பாற்றினேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பயந்தேன், அவ்வளவுதான். பொய் எழுதும்போது வராத பயம் அதைக் கொளுத்தப் போனபோது வந்தது. மஞ்சள் பையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து முருகன் படத்துக்குப் பின்னால் வைத்தேன். டாக்டர் கேட்டபோது, கொளுத்திவிட்டேன் என்றேன்.

முகாம் நடந்தது. பத்து ஊர் சுற்றினோம். நான் மாட்டைப் பிடிக்க, டாக்டர் ஊசி போட, காதில் மஞ்சள் வில்லை குத்தினோம். சனங்கள் அதைத் தோடு என்பார்கள். "தோடு போட்டாச்சு, இனிமே கோமாரி கிட்ட வராது" என்று நானே ஒவ்வொரு வாசலிலும் சொன்னேன். சொல்லிப் பழகிய வாய்.

இன்ஸ்பெக்டரம்மா திரும்பி வந்ததும் முதல் வேலையாக நோட்டைத்தான் எடுத்தார். நாலு பக்கம் புரட்டினார். நோட்டின் ஓரம் மடங்காமல், கறை படாமல், ஒரே மையில் இருந்தது. "அண்ணே, அந்த மூணு நாளு முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியிலயே ஜெனரேட்டர் போட்டுக்கினு இருந்தாங்க. எங்க ஊர்ல செல்போனு சார்ஜ் ஏத்த வழியில்ல. நம்ம பிரிட்ஜுக்கு மட்டும் கரண்ட் எந்த ஊர்லேந்துண்ணே வந்துச்சு?" என்று கேட்டார். நான் கொட்டகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "சந்தனம் எங்கண்ணே?" என்றார். டாக்டரிடம் போய்க் கேட்டார். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா" என்ற டாக்டரின் குரல் எனக்குக் கேட்டது. "மாடு அட்ஜஸ்ட் பண்ணிக்குமா சார்?" என்றது அவருடைய குரல்.

நான்கு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, விழுப்புரத்தில் இருக்கிற பெரிய அலுவலகத்துக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். மருந்து கெட்டுப்போயிருக்கலாம் என்று சந்தேகப்படுவதாகவும், ஊசி போட்ட மாடுகளுக்கெல்லாம் மறுபடியும் போட வேண்டும் என்றும் எழுதினார். மொட்டைக் கடிதம் இல்லை. பெயர், பதவி, தேதி எல்லாம் போட்டது. அதை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். "உங்கள மாட்டிவிடணும்னு இல்லண்ணே. நீங்க பாத்தத மட்டும் எழுதிக் கீழ ஒரு கையெழுத்துப் போடுங்க. நான் லீவுல இருந்தவ. நீங்கதான் பாத்தவரு." ஒரு நாள் டைம் கேட்டேன். சாமியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். "கேளுங்க, நானும் கேட்டுட்டுத்தான் எழுதுனேன்" என்றார்.

மறுநாள் காலையில் எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் பூப்போட்டுப் பார்த்தேன். வெள்ளை நந்தியாவட்டை ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம். வெளியே தெரியாமல் இலையில் மடித்து அம்மன் காலடியில் வைப்பது வழக்கம். பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுத்துத் தருவார். வெள்ளை வந்தால் கையெழுத்துப் போடுவது, சிவப்பு வந்தால் போடாமல் இருப்பது என்று வேண்டிக்கொண்டேன். வெள்ளை வந்தது. இலை சரியாக மடிக்கவில்லை என்று சொல்லி மறுபடியும் கேட்டேன். அப்போதும் வெள்ளை. பூசாரி என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ஆத்தாவுக்கு என்னாய்யா, காதா கேக்கல? ஒருவாட்டி சொன்னாப் போதாதா?" என்றார். இதுதான் கடைசி என்று சொல்லிப் புதுசாக மடித்து வைத்தேன். மூன்றாவது தடவை சிவப்பு வந்தது. அந்தச் சிவப்பு அரளியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய், "ஆத்தா உத்தரவு குடுக்கலம்மா" என்றேன். இன்ஸ்பெக்டரம்மா கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். "சரிண்ணே" என்றார். தனியாக பஸ் ஏறிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். புது நோட்டைப் பார்த்தார். டாக்டரைக் கேட்டார். என்னைக் கூப்பிட்டு, "பிரிட்ஜ் அந்த மூணு நாள் எப்படி இருந்துச்சு?" என்றார். இன்ஸ்பெக்டரம்மா சன்னலோரம் நின்றிருந்தார். என்னைப் பார்க்கக்கூட இல்லை. "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நோட்டுல இருக்கறதுதாங்க" என்றேன். ஒரு மாதத்தில் உத்தரவு வந்தது. நிர்வாக நலன் கருதி இன்ஸ்பெக்டரம்மாவுக்கு இடமாற்றம், தெற்கே எட்டு மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டிய ஊருக்கு. அம்மாவையோ முண்டியம்பாக்கத்தில் வாராவாரம் காட்ட வேண்டும். திண்டிவனம் பஸ் நிலையத்தில் அவருடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான்தான் கூடப் போனேன். வேறு யாரும் வரவில்லை. பஸ் கிளம்புகிற நேரத்தில், "மூணு தடவ கேட்டீங்களாமே, பூசாரி சொன்னாரு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "பரவால்லண்ணே. நான் மொதத் தடவையே ஜெபத்துலேந்து எழுந்து வந்துட்டேன். ரெண்டாவது தடவ கேட்டிருந்தா எனக்கும் வேற மாதிரி வந்திருக்கும்."

மாசி முடிகிற சமயத்தில் கோமாரி வந்தது. வாயில் நுரை தள்ளிக்கொண்டு, குளம்பு வெடித்து, மாடுகள் எழுந்து நிற்க முடியாமல் கிடந்தன. பெரிய மாடுகள் பால் வற்றிப் பிழைத்துக்கொண்டன. கன்றுகள்தான் பொட்டுப் பொட்டென்று போயின. எங்கள் எதிர்வீட்டில் புருஷனை இழந்த ஒரு தங்கச்சி, ஒரே பசுவை வைத்துப் பால் ஊற்றிப் பிழைத்தாள். அவளுடைய கிடேரிக் கன்று காலையில் பால் குடிக்கும்போதே விழுந்து செத்தது. நான் போய் நின்றேன். அவள் அழவில்லை. பசுவின் காதைப் பிடித்து அந்த மஞ்சள் வில்லையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "தோடு போட்டீங்களே அண்ணே. தோடு போட்டா வராதுன்னு நீங்கதான சொன்னீங்க. நான் எதுனா தப்பா தீனி கீனி வெச்சிட்டனா?" என்று கேட்டாள். தப்பு தன்னுடையது என்று அவள் நினைத்துக்கொண்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் குளித்து, விபூதி பூசி, மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு விழுப்புரம் பஸ் ஏறினேன். இந்தத் தடவை எந்தச் சாமியையும் கேட்கவில்லை. அலுவலகத்தில் இருந்த எழுத்தர், நான் நோட்டை வெளியே எடுத்ததும் மூக்கை உறிஞ்சினார். "இன்னா பெருசு, சந்தன வாசன தூக்குது. பூஜ நோட்டா? பிரசாதம் எங்க?" என்றார். அதற்குள் அன்றைக்கு விசாரணைக்கு வந்த அதிகாரி கூப்பிட்டுவிட்டார். ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். "அன்னைக்குத் தெரியாதுன்னியே?" என்றார். "தெரிஞ்சிக்கினேதாங்க அப்பிடிச் சொன்னேன்" என்றேன். "உனக்கும் மெமோ வரும், புரியுதா?" என்றார். புரியுதுங்க என்றேன். ஒரு தாளைக் கொடுத்து எழுதச் சொன்னார். எனக்கு அலுவலக நடை தெரியாது. தெரிந்த தமிழில் எழுதினேன். இருபத்திரண்டு என்று பார்த்தேன், நான்கு என்று எழுதினேன், கொளுத்தச் சொன்னார்கள், கொளுத்தவில்லை. சாமியைக் கேட்டதையும் எழுதினேன். அதைப் படித்துவிட்டு அதிகாரி அடித்துவிடச் சொன்னார், கோப்புக்கு அது தேவையில்லையாம். நோட்டைப் பெற்றுக்கொண்டதற்கு ஓர் அரைத் தாளில் எழுதி, சீல் வைத்துக் கொடுத்தார்கள். பை எனக்கே திரும்பி வந்தது.

மாடுகளுக்கெல்லாம் புது மருந்தில் மறுபடியும் ஊசி போட்டார்கள். டாக்டர்மேல் நடவடிக்கை எடுத்து வேறு இடத்துக்கு அனுப்பினார்கள். எனக்கு மெமோவும் தண்டனையும் வந்தன. ஏற்றுக்கொண்டேன். இன்ஸ்பெக்டரம்மாவின் இடமாற்றத்தை ரத்து செய்வார்கள் என்று நான் காத்திருந்தேன். கேட்டதற்கு, அது வேறு கோப்பு என்றார்கள். இரண்டு தடவை மனு கொடுத்தேன். அது வேறு கோப்பாகவே இருந்துவிட்டது. அவர் அம்மாவையும் தன்னோடே தெற்கே அழைத்துக்கொண்டு போய்விட்டார். நான் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னபோது, "எல்லா மாட்டுக்கும் திரும்பப் போட்டாங்களாண்ணே? ஒண்ணு கூட விடலியே?" என்று மட்டும் கேட்டார். விடவில்லை என்றேன். "எதிர்வீட்டு அக்காகிட்ட போய்ச் சொல்லுங்க, அவங்க தீனில தப்பு இல்லன்னு." அன்றைக்கே போய்ச் சொன்னேன். அந்தத் தங்கச்சி இரண்டு வருடம் என்னோடு பேசவில்லை. அதுவும் நியாயம்தான்.

இப்போதும் கிருத்திகைக்கு மயிலம் மலைக்குப் போகிறேன். அம்மன் கோயிலுக்கும் போகிறேன். ஆனால் யாராவது பூப்போட்டுப் பார்த்தால் அந்த இடத்தில் நான் நிற்பதில்லை. அதற்கான காரணத்தை அதிகாரியிடம் சொல்லவில்லை, இன்ஸ்பெக்டரம்மாவிடம் சொல்லவில்லை, என் மனைவிக்கும் தெரியாது. இத்தனை வருடம் பேனாவை எடுத்து எடுத்து வைத்ததும் அதற்காகத்தான். மூன்றாவது தடவை நான் மடித்து வைத்த இரண்டு பொட்டலத்திலும் சிவப்பு அரளிதான் இருந்தது.

மஞ்சள் பை இப்போது என் மடியில் இருக்கிறது. நோட்டிலிருந்து உதிர்ந்த சந்தனம் உள்ளே ஒரு மூலையில் பொடியாகத் தங்கியிருக்கிறது. நோட்டு விழுப்புரத்தில் எந்த அலமாரியில் இருக்கிறதோ தெரியாது. இதைப் படிக்கிறவர்கள் அரசாங்க வேலையில் இருக்கிற நாலு பேரிடம் சொன்னால் நல்லது. சொல்லும்போது என்னை நல்லவனாக்க வேண்டாம், டாக்டரை இன்னும் கெட்டவராக்கவும் வேண்டாம். எதிர்வீட்டுக் கன்றைப் பிழைக்கவைத்துச் சொல்ல வேண்டாம். இன்ஸ்பெக்டரம்மா சொந்த ஊருக்கே திரும்பி வந்துவிட்டதாகச் சொல்ல வேண்டாம், அவர் வரவில்லை. வெள்ளைப் பூ இரண்டு தடவை வந்தது, இரண்டு தடவை என்றே சொல்லுங்கள். இருபத்திரண்டை இருபத்திரண்டு என்றே சொல்லுங்கள். நான்காக மாற்றி எழுதுகிற வேலையை நான் ஏற்கெனவே செய்து முடித்துவிட்டேன்.